அவசர அனுமதி

அறுபது வயதில் எனக்கு முதல் பொன்னாடை. முப்பத்திரண்டு வருஷம் ஒரு தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் இங்கிலீஷ் கற்றுக்கொடுத்ததற்கு யாரும் எதையும் போர்த்தவில்லை. ஓய்வு பெற்ற அன்று ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், அது இரண்டாவது மாதமே நின்றுவிட்டது. இந்தப் பொன்னாடை, 'அன்றைக்கே சொன்னவர்' என்பதற்காக.

நான் அன்றைக்குச் சொன்னது என்ன, சொல்லாமல் விட்டது என்ன என்பதுதான் விஷயம். முழுசாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

2024 மே மாதம் ஒரு செய்தி வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கொரோனா ஊசி ஒன்றால் மிக அபூர்வமாகச் சிலருக்கு ரத்தம் உறையலாம் என்று அந்தக் கம்பெனியே லண்டன் கோர்ட்டில் ஒத்துக்கொண்டதாக. முடிச்சூரில் எங்கள் காலனி வாட்ஸாப் குழுவில் அன்று காலை வணக்கம் போடக்கூட யாருக்கும் நேரமில்லை. எனக்கு அன்றைக்கே படபடப்பு இருந்தது என்றார் ஒருவர். என் மாமனார் மாடியிலிருந்து விழுந்தது அதனால்தானோ என்றார் இன்னொருவர். மத்தியானம் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் உமேஷ், மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிய தொடர் பதினான்கு பாகத்தையும் தோண்டி எடுத்து வரிசையாகப் போட்டு, கீழே எழுதினார்: 'ஸ்ரீநிவாசன் சார் அன்றைக்கே சொன்னார். நாம்தான் கேட்கவில்லை.' கீழே எழுபத்தாறு கைகள் கும்பிட்டன.

நான் எழுதியது ஒரு ஊசியைப் பற்றி. லண்டனில் வழக்கு நடந்தது இன்னொரு ஊசியின் மேல். அதைக்கூட யாரும் பார்க்கவில்லை. நானாவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அந்தத் தொடரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2021 ஜனவரியில் இரண்டு ஊசிகளுக்கு அனுமதி கிடைத்தது. அதில் ஒன்றுக்கு மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவு அப்போது வந்திருக்கவில்லை. டிவியில் தினமும் நாலு பேர் உட்கார்ந்து கத்தினார்கள். கேள்வி கேட்டவனைத் தேசத்துரோகி என்றார்கள், போட்டுக்கொள் என்றவனைக் கம்பெனியின் ஆள் என்றார்கள். எனக்கு இரண்டு கட்சியையும் பார்த்தால் எரிச்சலாக வந்தது. இங்கிலீஷில் வந்த அறிக்கைகளை எல்லாம் இறக்கிப் படித்து, 'தடுப்பூசி: சில கேள்விகள்' என்று காலனிக் குழுவில் தமிழில் எழுத ஆரம்பித்தேன். முடிவு வருவதற்கு முன்னால் அனுமதி ஏன், பரிசோதனை விவரத்தை ஏன் வெளியிடவில்லை, இப்படி. கேள்வியில் தப்பில்லை. இன்றைக்கும் சொல்வேன், கேள்வியில் தப்பே இல்லை.

தப்பு ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது. எமர்ஜென்சி யூஸ் என்பதற்கு முதலில் 'நெருக்கடிக்காலப் பயன்பாட்டு அனுமதி' என்று எழுதினேன். சரியான தமிழ்தான், ஆனால் வாசிக்க சர்க்கார் கடிதம் மாதிரி இருந்தது. அழித்துவிட்டு 'அவசர அனுமதி' என்று போட்டேன். அவசரத்துக்கு நம்மிடம் இரண்டு அர்த்தம். ஆம்புலன்ஸ் போவதும் அவசரம், அரைவேக்காட்டில் அடுப்பிலிருந்து இறக்குவதும் அவசரம். நான் போட்ட இடத்தில் எல்லோரும் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். வார்த்தையை விற்றுப் பிழைத்தவனுக்கு அதுகூடத் தெரியாதா? அந்த வார்த்தையில் ஒரு கடி இருந்தது, அதற்காகவே போட்டேன். மறுநாளே பால்காரரிலிருந்து இஸ்திரிக்காரர் வரை 'அவசர அவசரமா குடுத்துட்டாங்களாமே' என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒரே பெருமை.

என் தொடரை ஒரு வரி விடாமல் கேட்டவர் முனிரத்தினம். படித்தவர் என்று சொல்ல முடியாது, கேட்டவர்தான். பேத்தியை விட்டு வாசிக்கச் சொல்லி, கடைக் கல்லாவில் உட்கார்ந்து கேட்பார். எங்கள் காலனி முழுவதும் ஒரு காலத்தில் அவர் குடும்பத்து நெல் வயல். மனையாகப் போட்டு விற்ற பிறகு, மெயின் ரோட்டில் பெயின்ட், பைப், ஆணி, சிமென்ட் விற்கிற கடை வைத்தார். சங்கத்துக்கு ஒரு அறையும் கொட்டகையும் கட்டிக்கொள்ள இடம் சும்மா கொடுத்தவரும் அவர்தான். 2015 வெள்ளத்தில் கோவளத்துக்கு ஆள் அனுப்பி மீன்பிடிப் படகை லாரியில் ஏற்றி வரவழைத்து, எங்கள் மொட்டை மாடியிலிருந்து என்னையும் என் மனைவி அபிதகுஜாம்பாளையும் இறக்கியவரும் அவரே. படகில் ஏறும்போது நான் என் இங்கிலீஷ் அகராதியைத் தலைமேல் வைத்துக்கொண்டிருந்தேன் என்று பல வருஷம் சொல்லிச் சிரிப்பார்.

அவருக்கு இங்கிலீஷ் வராது. பத்திரம், வரி நோட்டீஸ், பேங்க் கடிதம், எது வந்தாலும் என்னிடம் கொண்டு வருவார். நான் படித்து அர்த்தம் சொல்வேன். ஒரு தடவைகூட இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்த்ததில்லை. சார் படிச்சுட்டாரு, அவ்ளோதான் என்பார். இருபது வருஷம் அப்படி.

மார்ச் முதல் வாரம் மூன்றாம் கட்டப் பரிசோதனையின் இடைக்கால முடிவு வந்தது. நான் ஜனவரியிலிருந்து எதைக் கேட்டுக்கொண்டிருந்தேனோ அதுவே. நல்ல முடிவு. இரண்டு தடவை படித்தேன், எங்கேயாவது ஓட்டை தெரிகிறதா என்று மூன்றாவது தடவையும் படித்தேன். அதைப் பதினைந்தாம் பாகமாக எழுதியிருக்க வேண்டும். உட்கார்ந்தேன், தலைப்புக்கூடப் போட்டேன். பதினான்கு பாகம் சந்தேகப்பட்டுவிட்டு, 'கேட்ட பதில் வந்துவிட்டது, போட்டுக்கொள்ளலாம்' என்று ஒரு வரியில் முடித்தால் ஆளாளுக்குக் கிண்டல் பண்ணுவார்கள் என்று தோன்றியது. நாளைக்கு எழுதலாம் என்று வைத்தேன். இன்றுவரை எழுதவில்லை.

ஆனால் போட்டுக்கொண்டேன். பெங்களூரில் இருக்கும் என் மகள் ஸ்ம்ருதி தினமும் போனில் அழுதாள் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்த முடிவை நான் நம்பினேன். ஏப்ரலில் நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். முடிச்சூரிலோ தாம்பரத்திலோ போனால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, வண்டலூர் சுற்றிக் கேளம்பாக்கம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்ம்ருதியை விட்டுப் பதிவு செய்யச் சொன்னேன். தேர்தலுக்கு முந்தின நாள் நானும் அபிதாவும் போய் அதே ஊசியைப் போட்டுக்கொண்டோம். அங்கிருந்து கோவளம் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தோம், யாராவது கேட்டால் சொல்ல ஒரு இடம் வேண்டுமே. பக்கத்து வீட்டில் கேட்டார்கள். சும்மா கோவளம் வரைக்கும் என்றேன். அபிதா என்னைப் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் ஏப்ரல் ஆறு. ஓட்டுப் போட்டுவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். இடது கை தோளுக்குக் கீழே கனத்துக் கிடந்தது. முனிரத்தினம் விரலில் மையோடு ஸ்கூட்டரில் வந்தார். கால் வைக்கும் இடத்தில் பாதி பலாப்பழம், கோணியில் சுற்றி. இறக்கி என்னிடம் நீட்டினார். நான் இரண்டு கையையும் நீட்டினேன், இடது கை தாங்கவில்லை, பழம் நழுவிப் படியில் விழுந்தது.

"இன்னா சார், கைல இன்னா?"

ராத்திரி தப்பாகப் படுத்துவிட்டேன் என்றேன். பொய் சொல்வது இவ்வளவு சுலபம் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது. அவர் உடனே வீட்டுக்குப் போன் போட்டார். ஐந்து நிமிஷத்தில் அவர் மனைவி கிளியம்மாள் தைல பாட்டிலை முந்தானையில் சுற்றிக்கொண்டு நடந்தே வந்துவிட்டார். செங்கல்பட்டுக்கு அந்தண்டை ஒரு வைத்தியரிடம் முனிரத்தினம் மாதத்துக்கு ஒரு முறை போய் வாங்கி வருகிற தைலம். பழைய இருமல் மருந்து பாட்டில், அதன் மேல் நீல எனாமல் பெயின்டில் 'வலி' என்று எழுதியிருந்தது. கடையில் தின்னர், வார்னிஷ் என்று எல்லாப் பாட்டிலிலும் அப்படித்தான் எழுதி வைப்பார், காகிதம் ஒட்டினால் நனைந்து போகிறது என்பார். 'லி'யின் சுழியைப் பெரிதாக இழுத்து விடுவது அவர் வழக்கம்.

வேண்டாம் என்றேன். சட்டைக் கையை முனிரத்தினமே மேலே சுருட்டிவிட்டார். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, உள்ளங்கையில் தைலத்தை ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தார். கிளியம்மாள் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முனிரத்தினத்தின் கட்டைவிரல் ஊசி போட்ட இடத்துக்கு வந்ததும் நின்றது.

"இந்த எடத்துல கொஞ்சம் வீங்கினா மாதிரி கீது சார்."

"கொசு கடிச்சிருக்கும்."

"பெரிய கொசுவாதான் இருக்கணும்" என்று சிரித்துவிட்டு அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி மெதுவாகத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டேதான் கேட்டார். வியாழக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போடுகிறார்களாம். கிளியம்மாள் போகலாம் என்று பிடிவாதம் பிடிக்கிறாளாம். தனக்கு சர்க்கரை வேறு இருக்கிறதாம்.

"நீங்கதான் எல்லாத்தியும் படிச்சுகினு கீறீங்க. போட்டுக்கலாமா சார், வாணாமா? நீங்க இன்னா சொல்றீங்களோ அதான்."

அவர் விரல் அதன் மேலேயே இருந்தது. சட்டையை இறக்கிவிட்டு, நேற்றுப் போட்டுக்கொண்டேன், நீங்களும் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அவர் கல்லாவில் உட்கார்ந்து கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். சாரே போட்டுகினாராம் என்று. பதினான்கு பாகமும் சிரிப்பாய்ச் சிரித்துப் போகும். உள்ளே அபிதா சமையலறையில் பாத்திரம் கழுவுவதை நிறுத்தியது எனக்குக் கேட்டது.

"கொஞ்சம் பொறுங்க. அவசரம் வேண்டாம்" என்றேன்.

அவர் திரும்பி மனைவியைப் பார்த்து, கேட்டுக்கினியா என்பதுபோலத் தலையை ஆட்டினார். பாட்டிலை என்னிடமே விட்டுவிட்டார். தினம் ரெண்டு வேளை தேய்த்தால் நாலு நாளில் சரியாகிவிடும் என்றார். அது தேய்க்காமலே இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

மே முதல் வாரம் அவருக்கு ஜுரம். அதற்கு முன்னால் ஏப்ரல் கடைசியில் அவராகவே பயந்துபோய் ஊசி போட இரண்டு இடத்துக்குப் போயிருக்கிறார், இருப்பு இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றிருக்கிறார்கள். ஆக்ஸிஜன் படுக்கைக்கு ஆம்புலன்ஸிலேயே ஆறு மணி நேரம் காத்திருந்தார்கள். மே பதினான்காம் தேதி இறந்துபோனார். குழுவில் 'ஆழ்ந்த இரங்கல்' என்று நானும் எழுதினேன். இரண்டு வார்த்தையை எழுத எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. அன்று அபிதாவும் நானும் சாப்பிடவில்லை.

அந்த வியாழக்கிழமை ஒரு ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? ஒரு மாதத்தில் ஒரே ஊசி எவ்வளவு காப்பாற்றும் என்று புள்ளிவிவரம் எல்லாம் பார்த்துவிட்டேன். பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம். இந்த 'லாம்' கொஞ்ச காலம் எனக்கு ஒத்தாசையாக இருந்தது. அப்புறம் அதுவும் கைவிட்டுவிட்டது. அவர் பிழைப்பாரா என்று பார்த்தா நான் பதில் சொன்னேன்? என்னைக் கிண்டல் பண்ணுவார்களா என்றுதானே பார்த்தேன்.

அதன் பிறகு மூன்று வருஷம் கிளியம்மாளைத் தெருவில் பார்த்தால் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்வேன். அந்த அம்மாள் ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. நான் இழுத்துகினு போயிருக்கணும், விட்டுட்டேன் என்று தன்னையே திட்டிக்கொள்வதாக அபிதா வந்து சொல்வாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் பேப்பரைப் புரட்டுவேன்.

லண்டன் செய்தி வந்த நாலாம் நாள் கிளியம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை மாம்பழம். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்த முகத்தில் ஒரு தெளிச்சல் பார்த்தேன். டிவியில் பார்த்தாராம், பேத்தியும் படித்துச் சொன்னாளாம்.

"மூணு வருஷமா அறுத்துகினே இருந்திச்சு சார். நாம கூட்டிகினு போயிருந்தா இருந்திருப்பாரோ, இருந்திருப்பாரோன்னு. இப்பதான் மனசு ஆறிச்சு. போட்டிருந்தாலும் அவரு சக்கரைக்கு அது ஒத்துகினு இருக்காது. நீங்க படிச்சுதான் சொல்லிகீறீங்க."

நான் தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன். ஒரு மனுஷிக்கு மூன்று வருஷம் கழித்துக் கிடைத்த ஆறுதலைப் பிடுங்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அழகான நியாயம், என் தோலையும் அது காப்பாற்றியது. கிளியம்மாள் ஒரு மாம்பழத்தை அங்கேயே நறுக்கித் தட்டில் வைத்துக் கொடுத்தார். இனிப்பாகத்தான் இருந்தது.

அவர் போனதும் அபிதா சமையலறையிலிருந்து வந்தாள். எங்கள் கல்யாணமான முப்பத்தைந்து வருஷத்தில் அவள் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"அவாகிட்டக்கூடவா சொல்ல மாட்டேள்?" என்றாள். மீதி மாம்பழத்தை அவள் தொடவில்லை.

மறுநாள் உமேஷ் வந்து ஆண்டுக் கூட்டத்தில் பொன்னாடை என்றார். வேண்டாம் என்றேன். அதற்கும், சாருக்கு எப்பவுமே இந்த அடக்கம் என்றார். பொன்னாடை போர்த்த யாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் தெரியுமா? கிளியம்மாளை. சங்கத்துக்கு இடம் கொடுத்த குடும்பம், அவர் கையால் போர்த்தினால் பொருத்தமாக இருக்கும் என்று செயற்குழுவில் ஏகமனதாகத் தீர்மானம்.

அதற்குப் பிறகு மூன்று தடவை கிளியம்மாள் வீட்டுத் தெருமுனை வரை போனேன். ஒரு தடவை அவர் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். வாங்க சார் என்றார். இந்தப் பக்கமாக எலெக்ட்ரீஷியனைத் தேடி வந்தேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எலெக்ட்ரீஷியன் நம்பரைக் கொடுத்தார், அதையும் வாங்கிக்கொண்டேன்.

ஜூன் இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணி. சங்கக் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், எண்பது பேர் இருப்பார்கள். மேடையில் நான், உமேஷ், கிளியம்மாள். பொன்னாடை பிளாஸ்டிக் உறையோடு அவர் மடியில் இருந்தது, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உமேஷ் என்னைப் பற்றி ஏழு நிமிஷம் பேசினார். அறிவியல் பார்வை என்றார், துணிச்சல் என்றார், தீர்க்கதரிசனம் என்றும் சொல்லிவிட்டார். போர்த்துவதற்கு முன்னால் நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மைக்கை வாங்கினேன்.

முதலில் வார்த்தையைச் சொன்னேன். நெருக்கடிக்காலம் என்று எழுதி, அழித்து, அவசரம் என்று போட்டதை. மொழிபெயர்ப்பில் வந்த தடுமாற்றம் இல்லை, தெரிந்தே போட்டது என்றேன். லண்டன் வழக்கு வேறு ஊசி என்றேன். கூட்டம் மரியாதையாகக் கேட்டது, ஒருவர் கொட்டாவி விட்டார். பிறகு மார்ச்சில் வந்த முடிவைச் சொன்னேன். அதைப் படித்தேன், நம்பினேன், உங்களுக்கு எழுதவில்லை என்றேன்.

"ஏப்ரல் அஞ்சாம் தேதி, தேர்தலுக்கு முந்தின நாள், நானும் என் மனைவியும் கேளம்பாக்கம் போய் ஊசி போட்டுக்கிட்டோம். மறுநாள் ஒருத்தர் வந்து, போட்டுக்கலாமான்னு என்னைக் கேட்டார். பொறுங்கன்னு சொன்னேன்."

கிளியம்மாள் பக்கம் நான் திரும்பவில்லை. திரும்பியிருக்க வேண்டும்.

கொட்டாவி விட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்பாடா, திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். யாராவது எழுந்து நாலு வார்த்தை கேட்டிருந்தால் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பேன், அதற்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன். ஆனால் உமேஷ் சாமர்த்தியசாலி, கூட்டம் நடத்தத் தெரிந்தவர். என் கையிலிருந்து மைக்கை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா, இதுதான் சார். நம்ம எல்லாருக்கும் முன்னாடி தன் உடம்புல போட்டுப் பாத்திருக்காரு. ரிசல்ட் தெரியாம மத்தவங்கள ரிஸ்க் எடுக்க விடல. இத இவ்வளவு நாள் வெளிய சொல்லிக்கவும் இல்ல. இந்தப் பெரிய மனசு யாருக்கு வரும்?"

கைதட்டினார்கள். ஒருவர் எழுந்து நின்றே தட்டினார். இல்லை, அப்படி இல்லை என்று நான் சொன்னது மைக் இல்லாமல் முதல் வரிசைக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. போர்த்துங்கம்மா என்று உமேஷ் கிளியம்மாளிடம் சொன்னார். அவர் அசையவில்லை. உமேஷ் அதற்குள் போட்டோக்காரரைப் பார்த்துவிட்டதால், அவர் மடியிலிருந்து தானே எடுத்து, உறையைக் கிழித்து, என் தோளில் போர்த்திவிட்டார். ஜரிகை கழுத்தில் குத்தியது. இதைவிடக் கேவலம் ஒன்று என் வாழ்க்கையில் நடந்ததில்லை.

டீயும் சமோசாவும் கொடுக்கிற சந்தடியில் எல்லோரும் மேடையை விட்டு இறங்கினார்கள். நானும் கிளியம்மாளும் மட்டும் இருந்தோம். அவர் எழுந்து என் நாற்காலிக்கு எதிரில் வந்து நின்றார்.

"எந்தக் கைல போட்டுகினீங்க சார்?"

இடது கையைத் தொட்டுக் காட்டினேன். பொன்னாடை அதை மூடியிருந்தது, விலக்கினேன். அவர் அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அழவில்லை, கோபப்படவும் இல்லை. இருபது வருஷம் தன் புருஷன் கொண்டுபோன காகிதங்களை எல்லாம் நான் எப்படிப் படித்துச் சொல்லியிருப்பேன் என்று ஒவ்வொன்றாக யோசிப்பதுபோல எனக்குத் தோன்றியது.

"அப்ப அவரும் போட்டிருக்கலாம்."

"ஆமாம்" என்றேன். மன்னிச்சுடுங்க என்ற வார்த்தை வாய் வரை வந்தது. அதையும் கேட்டு வாங்கிக்கொள்வதற்கு எனக்கு வாயில்லை.

"அந்தத் தைல பாட்டில் உங்க வூட்லதான கீது. குடுத்துடுங்க சார்."

எங்கள் வீடு கொட்டகையிலிருந்து நாலாவது வீடு. பொன்னாடையைக்கூட எடுக்கத் தோன்றாமல் முன்னால் நடந்தேன், அவர் நாலடி தள்ளிப் பின்னால் வந்தார். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டேன், வரவில்லை. கேட்டுக்குப் பக்கத்திலேயே, அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றுகொண்டார்.

மருந்து அலமாரியைத் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பாட்டில் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. நல்ல தைலம். போன குளிர்காலத்திலிருந்து என் முழங்காலுக்கு நான்தான் ராத்திரி ராத்திரி தேய்த்துத் தீர்த்திருந்தேன். யாருடையது என்று ஒரு நாளாவது யோசித்தேனா? 'வலி' என்ற நீல எழுத்து மட்டும் என் எண்ணெய்க் கை பட்டுப் பட்டுப் பாதி மங்கியிருந்தது. அபிதா பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

வெளியே கொண்டுபோய்க் கொடுத்தேன். தீர்ந்துபோச்சு, நான்தான் தேய்ச்சுட்டேன், புதுசு வாங்கித் தருகிறேன், வைத்தியர் விலாசம் சொன்னால் நானே செங்கல்பட்டு போகிறேன் என்று என்னென்னவோ உளறினேன். கிளியம்மாள் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தார். மூடியைத் திறந்து மோந்துவிட்டு மூடினார். முந்தானை நுனியால் அந்த எழுத்தின் மேலிருந்த எண்ணெய்ப் பிசுக்கை அழுத்தாமல், அழிந்துவிடாமல் துடைத்தார்.

"தைலம் வாணாம் சார். இது அவரு எழுத்து."

அன்றைக்குச் சுற்றிக்கொண்டு வந்ததுபோலவே அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு நடந்தார். அவர் தெரு திரும்பும் வரை நான் கேட்டில் நின்றேன். சமோசா தின்றுகொண்டே வந்த இருவர் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். பொன்னாடை அப்போதும் என் தோளில்தான் இருந்தது.